கியரில் இருக்கும்போதே செல்ஃப் அடிக்கும் பழைய வண்டிகள்: கிளட்ச் சுவிட்சா, நியூட்ரல் சுவிட்சா?

காலம்ஷிஃப்ட்_1489:

வணக்கம். அம்பாசடர், 1489 சிசி பெட்ரோல், ஸ்டியரிங் கம்பத்தில் கியர் (காலம் ஷிஃப்ட்). சாவியில்தான் ஸ்டார்ட், பானட்டுக்குள் தனி சோலினாய்டு (செல்ஃப் மோட்டாருக்குப் பெரிய கரண்டை விடும் மின்காந்த சுவிட்ச்). எந்த கியரில் கிடந்தாலும் சாவியைத் திருப்பினால் செல்ஃப் அடிக்கிறது, வண்டி ஒரு முழம் தாவுகிறது. கிளட்சை மிதித்தால் மட்டும் செல்ஃப் அடிக்கும்படி செய்ய வேண்டும். கேள்விகள் மூன்று.

பிரேக் லைட் சுவிட்சையே கிளட்ச் பெடலுக்கு மாட்டினால் போதுமா? கிளட்சில் வைப்பது நல்லதா, கியர்பாக்ஸில் நியூட்ரல் சுவிட்ச் வைப்பது நல்லதா? லீவர் நியூட்ரலில் லொடலொடவென்று ஆடும்போதும் சில நேரம் வண்டி தாவுகிறது, அது ஏன்?

---

லேத்பட்டறை:

மூன்றாவது கேள்வியைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ஆபத்து அதில்தான் இருக்கிறது. லீவர் ஆடுவதை வைத்து கியர்பாக்ஸ் நியூட்ரலில் இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். லீவருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் ஸ்டியரிங் கம்பத்துக்குள் ஒரு ஷாஃப்ட், அதன் அடியில் லீவர்கள், ராடுகள், ஒவ்வொரு மூட்டிலும் புஷ். ஒவ்வொரு மூட்டிலும் அரை மி.மீ. தேய்ந்தாலே கைப்பிடி முனையில் பல மி.மீ. ஆட்டமாகத் தெரியும். நீங்கள் நியூட்ரல் என்று நினைக்கும் ஆட்டம் இந்தத் தேய்மானமாகவே இருக்கலாம். உள்ளே கியரை நகர்த்தும் ஃபோர்க் இன்னும் கியரை விட்டு வெளியே வந்திருக்காது.

சோதனை எளிது. சமதரை. இக்னிஷன் ஆஃப். லீவரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டு, வண்டியைக் கையால் தள்ளுங்கள். உருண்டால் உண்மையான நியூட்ரல். உருளாமல் கம்ப்ரெஷன் எதிர்த்து நிறுத்தினால் கியர் இன்னும் உள்ளே இருக்கிறது. அதன்பின் பானட்டைத் திறந்து, ஒருவர் லீவரை அசைக்க, இன்னொருவர் கம்பத்தின் அடியில் உள்ள ஒவ்வொரு மூட்டிலும் விரல் வைத்துப் பாருங்கள். ராடு நகர்ந்தும் அடுத்த லீவர் நகராமல் நிற்கும் இடம்தான் தேய்ந்த மூட்டு. எந்த மூட்டு என்று பார்க்காமல் ராடு நீளத்தை மட்டும் திருகி சரிசெய்தால் ஒரு கியர் சரியாகும், எதிர்ப்பக்க கியர் நழுவ ஆரம்பிக்கும்.

அமெரிக்க மூன்று கியர் காலம் ஷிஃப்டில் இதே தேய்மானம் வேறு விதமாக வரும். அங்கே ஒரு லீவர் முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும், இன்னொன்று இரண்டுக்கும் மூன்றுக்கும். ஆட்டம் அதிகமானால் ஒன்று முழுதாக நடுவுக்கு வருமுன் மற்றது நகர்ந்து லிங்கேஜ் அப்படியே இறுகிக்கொள்ளும். அப்போது கைப்பிடியைப் பிடித்து முறுக்காதீர்கள், உள்ளே இருக்கும் முனை உடையும். பானட்டைத் திறந்து, கம்பத்தின் அடியில் உள்ள இரண்டு லீவர்களையும் கையால் நடுநிலைக்குக் கொண்டுவந்தால் விட்டுவிடும். நிரந்தர சரிசெய்தலுக்கு: இரண்டையும் நியூட்ரலில் வைத்து, அவற்றில் உள்ள துளைகள் நேராகும்போது துளைக்குப் பொருந்தும் ட்ரில் பிட்டைச் சொருகி, அந்த நிலையில் ராடுகளின் கிளாம்ப்பை முறுக்க வேண்டும்.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. காலம் ஷிஃப்ட் வண்டியில் லீவர் பக்கம் வைக்கும் நியூட்ரல் சுவிட்ச் பொய் சொல்லும். கிளட்சில் வையுங்கள்.

---

மின்கம்பி:

லேத்பட்டறை சொன்னது சரி. மின்சாரப் பக்கம் நான் சொல்கிறேன்.

முதலில் பிரேக் லைட் சுவிட்ச் விஷயம். பெடல் மேலே இருக்கும்போது அதன் குச்சி அழுந்தியிருக்கும், காண்டாக்ட் பிரிந்திருக்கும். பெடலை மிதித்தால் குச்சி வெளியே வந்து காண்டாக்ட் சேரும். அதைக் கிளட்ச் பெடலின் மேல் நிறுத்தத்தில் வைத்தால், பெடல் ஒரு செ.மீ. இறங்கியதுமே சேர்ந்துவிடும். ஆனால் அந்த ஒரு செ.மீ. வெறும் ஃப்ரீ பிளே (வேலை தொடங்குமுன் உள்ள சும்மா ஆட்டம்), கிளட்ச் இன்னும் முழுதாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கியரில் இருந்தால் வண்டி தாவும். சுவிட்ச் இருந்தும் இல்லாத நிலை இது. இல்லாததைவிட மோசம் என்றே சொல்வேன், ஓட்டுபவர் அதை நம்பிக் கால் வைப்பார். கதவு லைட் சுவிட்சும் இதே வகைதான், விட்டால் சேரும்.

உங்களுக்கு வேண்டியது அழுத்தினால் சேரும் சுவிட்ச், அதுவும் பெடல் அடிக்கு வரும் இடத்தில். ரோலர் வைத்த மைக்ரோ சுவிட்ச் நல்லது. மூன்று முனை இருக்கும். பொது முனை, இயல்பில் பிரிந்த முனை இரண்டையும் மட்டும் பயன்படுத்துங்கள். 3 மி.மீ. தகட்டில் எல் வடிவ பிராக்கெட், நீளத் துளை போட்டு, மேலும் கீழும் நகர்த்தும்படி வையுங்கள். பெடல் சுவிட்சின் உடலை முட்டி நிற்கக் கூடாது, ரோலரை மட்டும் தள்ளிவிட்டுக் கடந்து போக வேண்டும். இல்லாவிட்டால் ஒரே மாதத்தில் சுவிட்ச் நொறுங்கும்.

எந்த உயரத்தில் சேர வேண்டும் என்பதை அளந்துதான் வைக்க வேண்டும். முன்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை. தரையில் நிற்கப்போகும் பின்சக்கரத்துக்கும் கட்டை. பின்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுங்கள். இரண்டையும் தூக்கினால் டிஃபரன்ஷியல் காரணமாக ஒன்றைச் சுற்றும்போது மற்றது எதிர்ப்பக்கம் சுற்றும், எஞ்சினுக்குச் சுமையே போகாது, சோதனை வீண். இக்னிஷன் ஆஃப், சாவி பாக்கெட்டில். முதல் கியர், ஹேண்ட் பிரேக் விடுவிப்பு. ஒருவர் தூக்கிய சக்கரத்தைக் கையால் திருப்பிக்கொண்டே இருக்க, இன்னொருவர் பெடலை மெல்ல இறக்கட்டும். சக்கரம் சட்டென்று லேசாகும் புள்ளிதான் கிளட்ச் விடும் இடம். அங்கே தரையிலிருந்து பெடல் ரப்பர் வரை அளவு எடுங்கள். அந்த அளவுக்குக் கீழே 15 முதல் 20 மி.மீ. இறங்கிய பிறகு சுவிட்ச் சேரட்டும். உதாரணமாக 55 மி.மீ.யில் விட்டால், 35 முதல் 40 மி.மீ.க்குள் சேரட்டும்.

தடிமனான ரப்பர் மேட் போடப்போகிறீர்கள் என்றால் மேட்டைப் போட்டே அளவு எடுங்கள். சுவிட்ச் நன்றாக இருந்தும் செல்ஃப் அடிக்கவில்லை என்ற புகாரில் மேட் நகர்ந்து பெடலுக்கு அடியில் சுருண்டு கிடப்பது அடிக்கடி காணும் காரணம்.

இனி ஒயரிங். தனி சோலினாய்டு சில ஆம்பியர்தான் இழுக்கும். செல்ஃப் மோட்டார் மேலேயே சோலினாய்டு உட்கார்ந்த வகை முதல் நொடியில் 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இரண்டாவது வகையின் கரண்டை மைக்ரோ சுவிட்ச் வழியாக விட்டால் காண்டாக்ட் கருகி ஒட்டிக்கொள்ளும். எந்த வகையானாலும் ஒரு 40 ஆம்பியர் ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைச் சேர்க்கும் சுவிட்ச்) போட்டுவிடுங்கள், சாவி சுவிட்சுக்கும் ஆயுள் கூடும். ரிலேயின் முனைகளில் எண் போட்டிருக்கும். 30-ஆம் முனை சோலினாய்டின் பேட்டரிப் பக்கத்துப் பெரிய போல்ட்டிலிருந்து, 30 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக, 4 ச.மி.மீ. ஒயரில். 87-ஆம் முனை சோலினாய்டின் சிறு முனைக்கு, அதே தடிமன். 86-ஆம் முனைக்கு சாவியின் ஸ்டார்ட் ஒயர். பிரிட்டிஷ் மின்பாகக் கம்பெனியான லூகாஸின் நிற முறைப்படி அது வெள்ளையில் சிவப்புக் கோடு, ஆனால் இந்த வயது வண்டியில் நிறத்தை நம்பாமல் டெஸ்ட் லேம்ப் வைத்து உறுதி செய்யுங்கள். 85-ஆம் முனையிலிருந்து கிளட்ச் சுவிட்சுக்கு, அங்கிருந்து பாடி எர்த்.

---

பாசிட்டிவ்எர்த்:

மின்கம்பி சார், கடைசி வரியில் மட்டும் மாறுபடுகிறேன். கிளட்ச் சுவிட்சை எர்த் பக்கம் வைக்கக் கூடாது. 85-லிருந்து பெடலுக்குப் போகும் ஒயர் ஃபயர்வால் துளையில் உரசித் தோல் உரிந்து பாடியில் பட்டால், சுவிட்சை மிதிக்காமலேயே ரிலேவுக்கு எர்த் கிடைத்துவிடும். ஃபியூஸ் போகாது, எச்சரிக்கையும் இருக்காது. பாதுகாப்பு சத்தமில்லாமல் செத்துப்போகும்.

சுவிட்சை சாவி ஒயர் பக்கமே வையுங்கள். சாவியின் ஸ்டார்ட் முனை, 5 ஆம்பியர் ஃபியூஸ், கிளட்ச் சுவிட்ச், 86. ரிலேயின் 85 நேராக பாடிக்கு. சாவியிலிருந்து சுவிட்ச் வரையுள்ள ஒயர் உரசினால் ஃபியூஸ் போகும், செல்ஃப் அடிக்காது. சுவிட்சுக்கும் 86-க்கும் இடையில் உரசினால் மிதிக்கும்போது ஃபியூஸ் போகும், அப்போதும் அடிக்காது. கெட்டால் அடிக்காமல் நிற்க வேண்டும். எந்தப் பாதுகாப்பு சுவிட்சுக்கும் இதுதான் விதி. ஃபயர்வால் துளையில் ரப்பர் கிராமெட் கட்டாயம்.

இன்னொன்று. அறுபதுகளின் பிற்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியில் இருக்கும். சாதாரண ரிலே எந்தப் பக்கம் இணைத்தாலும் வேலை செய்யும். உள்ளே டயோடு வைத்த ரிலேயை நெகட்டிவ் எர்த் படத்தைப் பார்த்து அப்படியே மாட்டினால் டயோடு ஷார்ட் ஆகும். வாங்கும்போது ரிலே உடம்பில் அச்சிட்ட படத்தைப் பாருங்கள்.

---

மின்கம்பி:

ஒப்புக்கொள்கிறேன். ஒரு ஒயர் மிச்சம் என்பதற்காக எர்த் பக்கம் சொன்னேன், பாதுகாப்புக்கு நீங்கள் சொன்னதுதான் சரி. மேலே 85, 86 பற்றி நான் எழுதியதை விட்டுவிட்டு இவர் சொன்னபடி செய்யுங்கள்.

---

நாப்ஸ்டார்ட்:

சாவி ஸ்டார்ட் இல்லாத வண்டிக்கு? டேஷ்போர்டில் நாபை இழுத்தால் செல்ஃப் அடிக்கும் வகை. பழைய மோரிஸ் மைனரில் இருப்பது போல.

---

பாசிட்டிவ்எர்த்:

அதில் சிறு ஒயரே கிடையாது. நாபின் கேபிள் நேராக ஒரு கனமான சுவிட்சை இழுத்துப் பேட்டரியையும் செல்ஃபையும் சேர்க்கிறது. அந்த வழியில் ஓடுவது நூற்றுக்கணக்கான ஆம்பியர், எந்த பெடல் சுவிட்சாலும் தாங்க முடியாது. அந்த சுவிட்சின் இடத்தில் ஒரு தனி சோலினாய்டு வைத்து, நாப் கேபிளின் மறுமுனையில் சிறு மைக்ரோ சுவிட்சை வைத்தால் வெளித்தோற்றம் மாறாது. நாபை இழுத்தால் மைக்ரோ சுவிட்ச், அது கிளட்ச் சுவிட்ச் வழியாக ரிலே, ரிலே வழியாக சோலினாய்டு. கழற்றிய பழைய சுவிட்சை எறியாதீர்கள். பின்னால் யாராவது அசல் நிலைக்குக் கொண்டுபோக விரும்பினால் தேவைப்படும்.

கிளட்ச் மிதித்தால்தான் செல்ஃப் என்ற எண்ணம் புதிதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் ஸ்டுடிபேக்கர் 40-களில் செய்த மேனுவல் கார்களில் ஸ்டார்ட்டர் சுவிட்சே கிளட்ச் பெடலுக்கு அடியில்தான். சாவியை ஆன் செய்து பெடலைத் தரை வரை மிதித்தால் செல்ஃப் அடிக்கும். தனிப் பாதுகாப்பு சுவிட்சே தேவைப்படாத அமைப்பு. அதே காலத்து ப்யூக்கில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் செல்ஃப் அடிக்கும், எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் மேனிஃபோல்டு வேக்குவம் அதைத் துண்டிக்கும். ஆனால் மேனுவல் ப்யூக்கை கியரில் விட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தால் தாவத்தான் செய்யும். இரண்டும் காலால் அடிக்கும் செல்ஃப்தான், ஒன்று கியரைக் கணக்கில் எடுத்தது, மற்றது எடுக்கவில்லை.

---

ஹெரால்டு948:

எல்லா வண்டிக்கும் கிளட்ச் சுவிட்ச் என்று பொதுவாகச் சொல்வதை ஏற்க முடியவில்லை. சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி செய்த ஹெரால்டுக்கும், அதன் பின் வந்த கெஸலுக்கும் இது தீங்கு. அந்தச் சிறிய ட்ரையம்ஃப் எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் பிடிப்பவை பின் மெயின் பேரிங்கில் உள்ள இரண்டு அரைவட்டத் த்ரஸ்ட் வாஷர்கள் மட்டும்தான். கிளட்சை மிதிக்கும்போது அதன் முழு அழுத்தமும் அவற்றின் மேல் போகிறது. இரவு முழுதும் நின்ற எஞ்சினில் அங்கே ஆயில் படலம் இருக்காது. காலையில் மிதித்தபடியே செல்ஃப் அடித்தால் ஒவ்வொரு நாளும் வறட்டு உராய்வு. தேய்ந்து தேய்ந்து வாஷர் கழன்று சம்ப்பில் (எஞ்சின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) விழுந்தால் கிராங்க் ஷாஃப்ட்டும் பிளாக்கும் கெடும்.

ஹெரால்டு வைத்திருந்தால் இதைப் பார்ப்பது எளிது. எஞ்சின் ஆஃப். ஒருவர் கிளட்சை மிதித்து மிதித்து விட, முன்னால் கிராங்க் புல்லியைக் கவனியுங்கள். கண்ணுக்குத் தெரியும்படி முன்னே போய் வந்தால் வாஷர் போய்விட்டது. டயல் கேஜ் வைத்து அளந்தால் 0.1 முதல் 0.2 மி.மீ. சரி. அதைத் தாண்டினால் சம்ப்பைக் கழற்றி, தேவையான அளவு ஓவர்சைஸ் வாஷர் போடுங்கள். பள்ளம் உள்ள முகம் கிராங்க் பக்கம் இருக்க வேண்டும், திருப்பிப் போட்டால் அவ்வளவுதான்.

ஹெரால்டில் கியர் லீவர் தரையில், கியர்பாக்ஸின் மேல்மூடியிலேயே. காலம் ஷிஃப்ட் போல நீண்ட லிங்கேஜ் இல்லை. இதற்கு நியூட்ரல் சுவிட்ச்தான் ஏற்றது என்பது என் கருத்து.

---

லேத்பட்டறை:

ஹெரால்டு விஷயத்தில் உங்கள் வாதம் நியாயம். த்ரஸ்ட் வாஷர் பலவீனம் அந்த எஞ்சினுக்குத் தெரிந்த நோய், அதே எஞ்சின் குடும்பத்து ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்களும் இதையேதான் சொல்வார்கள்.

இரண்டையும் சேர்க்க வழி உண்டு. கிளட்ச் சுவிட்சையும் நியூட்ரல் சுவிட்சையும் இணையாக மாட்டுங்கள். கியர் நியூட்ரலில் இருந்தாலோ, கிளட்ச் முழுதாக மிதிபட்டிருந்தாலோ செல்ஃப் அடிக்கும். இரண்டும் இல்லையென்றால் அடிக்காது. தினசரி ஸ்டார்ட் நியூட்ரலில் கால் வைக்காமல் நடக்கும், த்ரஸ்ட் வாஷருக்குச் சுமை இல்லை. மேட்டில் எஞ்சின் நின்றுபோனால் கிளட்சை மிதித்து கியரிலேயே ஸ்டார்ட் செய்யலாம்.

நியூட்ரலில் லீவர் இடவலமாக ஆடலாம், முன்பின் மட்டும் நடுவில் நிற்கும். ஆகவே சுவிட்ச் முன்பின் அசைவை மட்டும் உணர வேண்டும், இடவல அசைவைக் கண்டுகொள்ளக் கூடாது. லீவரோடு முன்பின் நகரும் தகட்டில் ஒரு ஆழமில்லாத பள்ளம், அதில் இறங்கும் ரோலர் சுவிட்ச். பள்ளத்தின் அகலம் குறைவாக இருக்கட்டும். அகலமாக வைத்தால் பாதி ஏறிய கியரையும் நியூட்ரல் என்று எடுத்துக்கொள்ளும். லீவர் அடியில் உள்ள புஷ் தேய்ந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், பிறகு சுவிட்ச்.

---

மலைப்பாதை:

ரயில்வே கேட் நடுவில் எஞ்சின் நின்று, மறுபடி பிடிக்கவில்லை என்றால் முதல் கியர் போட்டு, கிளட்சை விட்டு, செல்ஃப் மோட்டாரிலேயே வண்டியை நகர்த்தி வெளியே எடுப்பது பழைய வழி. நீங்கள் போடச் சொல்லும் சுவிட்ச் அதைப் பறித்துவிடும்.

---

பாசிட்டிவ்எர்த்:

சரியான கேள்வி, இதை லேசாக எடுக்கக் கூடாது. டொயோட்டா சில வண்டிகளில் இதற்காகவே கிளட்ச் ஸ்டார்ட் கேன்சல் என்று ஒரு பட்டன் வைத்தது. அதையே நாமும் செய்யலாம். கிளட்ச் சுவிட்சுக்கு இணையாக, அழுத்திப் பிடித்தால் மட்டும் சேர்ந்து விட்டால் பிரியும் பட்டன், மேல்மூடியுடன், டேஷ்போர்டுக்கு அடியில். ஆன் செய்தால் ஆனிலேயே நிற்கும் சுவிட்ச் வேண்டாம். ஒருநாள் அவசரத்துக்குப் போட்டு அப்படியே மறந்துவிட்டால் பாதுகாப்பு நிரந்தரமாகப் போய்விடும்.

செல்ஃபில் நகர்த்துவது பத்து, பதினைந்து நொடிக்குத்தான். அதற்கு மேல் ஓட்டினால் மோட்டார் வைண்டிங் வெந்து போகும், பேட்டரியும் இறங்கும். முதல் கியரில் மட்டும், மேட்டில் முயலாமல், தண்டவாளத்தைத் தாண்டும் தூரம் வரைக்கும்.

---

மூணுகியர்_செவி:

1969-க்குப் பிந்தைய ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) மேனுவல் கார்களில் ரிவர்ஸ் போட்டால்தான் சாவியை எடுக்க முடிகிறது. இதுவும் ஸ்டார்ட்டர் பாதுகாப்பு சுவிட்ச்தானா? நியூட்ரலில் சாவி லாக்குக்குத் திரும்புவதில்லை.

---

மின்கம்பி:

இல்லை, அது திருட்டுத் தடுப்பு. சாவித் துளை டேஷ்போர்டிலிருந்து ஸ்டியரிங் கம்பத்துக்கு வந்தபோது ஸ்டியரிங் பூட்டும் சேர்ந்து வந்தது. கியர்பாக்ஸின் ரிவர்ஸ் லீவரிலிருந்து கம்பத்துக்கு ஒரு தனி ராடு போகும். ரிவர்ஸில் இருந்தால்தான் அது பூட்டு விழ இடம் கொடுக்கும். திருடன் சாவியில்லாமல் தள்ளிக்கொண்டு போக முடியாது, ஓடும்போது தவறுதலாகப் பூட்டு விழவும் செய்யாது. ஸ்வீடனின் சாப் 99-இல் இதே எண்ணம் வேறு வடிவில் இருந்தது. சாவித் துளை இரண்டு சீட்டுக்கு நடுவில், கியர் லீவருக்குப் பக்கத்தில். அங்கும் ரிவர்ஸ் போட்டால்தான் சாவி வெளியே வரும், கியர் ரிவர்ஸிலேயே பூட்டிக்கொள்ளும். அடுத்த நாள் ஸ்டார்ட் செய்பவர் ரிவர்ஸில்தான் வண்டியைக் காண்கிறார், கிளட்சை மிதிக்காமல் அடித்தால் பின்னால் இருக்கும் சுவர்தான். ஆகவே இந்த வகை வண்டிகளுக்குக் கிளட்ச் சுவிட்ச் மற்றவற்றைவிட அவசியம்.

உங்கள் ஜிஎம்மில் ரிவர்ஸ் போட்டும் சாவி லாக்குக்கு வரவில்லையென்றால் ராடு அளவு தவறு. ரிவர்ஸ் போட்டு, ராட்டின் கிளாம்ப்பைத் தளர்த்தி, சாவியை லாக்கில் வைத்து, ராட்டை லேசாகக் கீழே இழுத்து ஆட்டத்தை எடுத்து, முறுக்குங்கள். பிறகு நியூட்ரலுக்கு வந்து சாவி லாக்குக்குப் போகாமல் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

1974 மாடல் அமெரிக்க வண்டி என்றால் இன்னொரு தொல்லை. அந்த ஒரு வருடம் சீட் பெல்ட் போடாமல் செல்ஃப் அடிக்காத அமைப்பு கட்டாயமாக இருந்தது. ஓட்டுநர் உட்கார்ந்த பிறகு பெல்ட் மாட்ட வேண்டும், முன்கூட்டியே மாட்டி வைத்தால் ஏற்காது. எதிர்ப்பு எழுந்து அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்க காங்கிரஸ் அதை நீக்கியது. அமெரிக்காவுக்குப் போன 1974 எம்ஜிபி-யிலும் (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) இது இருந்தது. செல்ஃப் சத்தமே இல்லாத 1974 வண்டியில் முதலில் சீட்டுக்கு அடியில் உள்ள கனெக்டரைத்தான் பார்க்க வேண்டும்.

---

காலம்ஷிஃப்ட்_1489:

சுவிட்ச் போட்ட பிறகு ஒருநாள் அடிக்காமல் போனால் எதை முதலில் பார்ப்பது? வரிசை சொல்லுங்கள்.

---

மின்கம்பி:

முதலில் காதால். முழு அமைதி என்றால் சிறு ஒயர் பக்கம். சோலினாய்டு ஒருமுறை டக் என்று அடித்து நின்றால் பெரிய கேபிள், பேட்டரி, எர்த் பட்டை, அல்லது செல்ஃப் மோட்டார். கிளட்ச் சுவிட்சைக் குற்றம் சொல்லாதீர்கள், டக் சத்தம் வந்தாலே சுவிட்ச் தன் வேலையைச் செய்துவிட்டது. விடாமல் டகடகவென்று அடித்தால் பேட்டரி வலுவிழந்தது அல்லது முனை பூத்துப்போனது.

முழு அமைதிக்கு: நியூட்ரலில் வைத்து, தள்ளிப் பார்த்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டுத் தொடங்குங்கள். உதவிக்கு ஒருவர் சாவியைத் திருப்பி கிளட்சை மிதித்துப் பிடிக்கட்டும். டெஸ்ட் லேம்ப்பை சாவியின் ஸ்டார்ட் முனை, ஃபியூஸின் இரு பக்கம், கிளட்ச் சுவிட்சின் இரு முனை, 86, பிறகு 87 என்று வரிசையாக வைத்துப் போங்கள். எரிந்த கடைசி இடத்துக்கும் எரியாத முதல் இடத்துக்கும் நடுவில் கோளாறு. 86-இல் எரிந்து ரிலே டக் என்று அடிக்கவில்லை என்றால் 85-இன் எர்த். பெயிண்டை சுரண்டாமல் எர்த் கொடுத்தால் மழைக்காலத்தில் இப்படி வரும். தனி சோலினாய்டும் தன் உடம்பு வழியாகத்தான் எர்த் எடுக்கிறது, அதன் பிராக்கெட்டுக்கு அடியிலும் பெயிண்ட் இருக்கக் கூடாது.

லேம்ப் எரிவதால் மட்டும் திருப்தி அடையாதீர்கள். செல்ஃப் அடிக்கும்போது கிளட்ச் சுவிட்சின் இரு முனைக்கும் இடையில் மல்டிமீட்டர் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும், அரை வோல்ட் காட்டினால் காண்டாக்ட் கருகுகிறது. பேட்டரி நிற்கும்போது 12.6, செல்ஃப் சுழலும்போது 9.6-க்குக் கீழே போகக் கூடாது.

---

லேத்பட்டறை:

செல்ஃப் விர்ரென்று சுற்றி எஞ்சின் சுற்றவில்லை, அல்லது டக் என்று கடித்துக்கொண்டு அப்படியே நிற்கிறது என்றால் அது பெண்டிக்ஸ், அதாவது செல்ஃபின் சிறு பல்சக்கரத்தை (பினியன்) எஞ்சின் ஃப்ளைவீலின் பல்வளையத்தோடு (ரிங் கியர்) சேர்க்கும் அமைப்பு. லூகாஸின் பழைய மோட்டாரில் பினியன் திருகுமரை மேல் எறியப்பட்டு ரிங் கியரைப் பிடிக்கும். மரையில் கிரீஸ் தடவியிருந்தால் தூசி சேர்ந்து ஒட்டி, பினியன் போகாது. அங்கே கிரீஸ் வேண்டாம், பெட்ரோலில் கழுவி உலர விடுங்கள். கடித்துக்கொண்டால் இக்னிஷன் ஆஃப் செய்து, டாப் கியர் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டு, வண்டியைப் பின்னோக்கி லேசாக ஆட்டினால் விடும். இல்லாவிட்டால் மோட்டாரின் பின்முனையில் சிறு மூடிக்கு அடியில் சதுர முனை இருக்கும், ஸ்பேனரால் திருப்புங்கள். ஆட்டி முடித்ததும் நியூட்ரலுக்கு வர மறக்காதீர்கள். டாப் கியரிலேயே விட்டுவிட்டு சாவியைத் திருப்புவது இந்த வேலையில்தான் அதிகம் நடக்கும்.

நான்கு சிலிண்டர் எஞ்சின் நிற்கும்போது எப்போதும் ஏறக்குறைய இரண்டே இடத்தில்தான் நிற்கும். அதனால் ரிங் கியர் பற்கள் அந்த இரண்டு இடத்தில் மட்டும் தேயும். திரும்பத் திரும்பக் கடித்தால் ரிங் கியரைச் சூடாக்கிக் கழற்றி, கால் சுற்று திருப்பிப் போடலாம், புதிது தேவையில்லை.

---

ஹெரால்டு948:

கிளட்ச் உண்மையிலேயே முழுதாக விடுகிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள், இல்லாவிட்டால் சுவிட்ச் எந்த உயரத்தில் சேர்ந்தாலும் வண்டி தாவும். இந்த வண்டிகளில் முதல் கியருக்கு சிங்க்ரோ (கியர் விழுமுன் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) கிடையாது. நின்ற வண்டியில் கிளட்சை மிதித்து உடனே முதல் கியரோ ரிவர்ஸோ தள்ளினால் கரகரவென்று அடிப்பது இயல்பு. உள்ளே ஷாஃப்ட் இன்னும் சுற்றுகிறது. முதலில் இரண்டாவது கியரை லேசாகத் தொடுங்கள், அதன் சிங்க்ரோ ஷாஃப்டை நிறுத்திவிடும், பிறகு முதல் கியர் சத்தமில்லாமல் விழும்.

ஆனால் ஐடிலில், கிளட்சை மிதித்து முழுசாகப் பத்து நொடி காத்திருந்த பிறகும் ரிவர்ஸ் கத்தினால் அது கிளட்ச் இழுவை. ஃப்ரீ பிளே அதிகம், ஹைட்ராலிக் என்றால் காற்று அல்லது சிலிண்டர் ரப்பர், வளைந்த கிளட்ச் பிளேட், அல்லது கிராங்க் முனையில் உள்ள ஸ்பிகாட் புஷ் வறண்டு ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றுவது. கடைசியது எண்ணெயில் ஊறவைத்துப் போட வேண்டிய வெண்கலப் புஷ், எஞ்சினைப் பிரிக்கும்போது மட்டும்தான் எட்டும். அந்த நேரத்தில் மாற்றாமல் விடாதீர்கள்.

கியர் ஆயிலையும் கவனியுங்கள். பித்தளை சிங்க்ரோ வளையம் உள்ள கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 தர ஆயில். கடையில் ஜிஎல்-5 இன்னும் உயர்ந்தது என்று கொடுப்பார்கள். அது பின் ஆக்சிலுக்கு, அதன் சல்ஃபர் சேர்மானம் பித்தளைக்கு ஆகாது. எந்தப் பெட்டிக்கு எந்த கிரேடு என்பதை அந்தந்த வண்டியின் கையேட்டில் பாருங்கள். எம்ஜிபி போன்றவற்றின் கியர்பாக்ஸுக்கு எஞ்சின் ஆயில்தான் சொல்லப்பட்டது, அதில் கெட்டியான 90 கிரேடு கியர் ஆயில் ஊற்றினால் காலையில் கியரே விழாது.

---

காலம்ஷிஃப்ட்_1489:

அளவுகள்: கிளட்ச் விடுவது தரையிலிருந்து 60 மி.மீ., சுவிட்ச் சேர்வது 42 மி.மீ., மேட் போட்டு. சுவிட்சில் இழப்பு 0.1 வோல்ட். சாவி பக்கம் 5 ஆம்பியர் ஃபியூஸ். கம்பத்தின் அடி மூட்டில் இரண்டு புஷ் மாற்றிய பிறகு, நியூட்ரலில் வண்டி ஒவ்வொரு முறையும் கையால் தள்ள உருள்கிறது. வேறு ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா?

---

பாசிட்டிவ்எர்த்:

இரண்டு. உங்கள் தனி சோலினாய்டின் முனையில் கறுப்பு ரப்பர் மூடி இருக்கிறதா பாருங்கள். சில லூகாஸ் சோலினாய்டுகளில் அந்த மூடிக்கு அடியில் ஒரு பட்டன் இருக்கும், டேப்பெட் அட்ஜஸ்ட் செய்யும்போது பானட்டுக்குப் பக்கத்தில் நின்றபடியே எஞ்சினைச் சுற்றுவதற்கு. அதை அழுத்தினால் சாவியும் தேவையில்லை, கிளட்ச் சுவிட்சும் தேவையில்லை. வண்டி கியரில் இருந்தால், இக்னிஷன் ஆஃபாக இருந்தாலும், செல்ஃபின் பலத்திலேயே முன்னால் நிற்பவர் மேல் ஏறும். ஸ்க்ரூ டிரைவரால் சோலினாய்டின் இரு போல்ட்டைச் சேர்ப்பதும் இதே ஆபத்து. பட்டன் இல்லாத சோலினாய்டை மாற்றிவிடுங்கள். மாற்றும் வரை மூடி மேல் சிவப்பு டேப் ஒட்டி வையுங்கள், பட்டறைப் பையன் தெரியாமல் அழுத்தாமல் இருக்க.

அடுத்தது ஹேண்டில். பேட்டரி இறங்கி முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றும்போது எந்த சுவிட்சும் காப்பாற்றாது. ஹேண்டிலைச் செருகுமுன் வண்டியைக் கையால் ஒரு முறை தள்ளி உருள்கிறதா பாருங்கள், பிறகு ஹேண்ட் பிரேக், பிறகு முன்சக்கரத்துக்கு முன்னால் கல். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்து, கீழிருந்து மேலே இழுங்கள். எஞ்சின் திருப்பி உதைத்தால் ஹேண்டில் கையை விட்டு நழுவிப்போகும், கட்டைவிரல் உடையாது.